இரண்டாவது இசைத்தட்டு

மகளிர் மட்டுமே கூடி இயக்கும் றொக் இசைக்குழுவொன்றின் இரண்டாவது இசைத்தட்டைப் பற்றி இலக்கியப் பகுதியிலே ஆசிரியவுரை எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு நகைப்பை விளைவித்தலுங் கூடும். நன்னூலும் காரிகையும் படிப்பிக்கும் பண்டிதருக்கும் மின்கிற்றாருக்கும் என்ன உறவு என்று அவர் வினவலாம். எம் அயலூராகிய காரைதீவிலே 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் நரம்புகளை எண்ணிக் கணித்து, 1947 இல் யாழ்நூலை அரங்கேற்றினார். பாணரோடு ஊரூராகச் சென்று ஆடியும் பாடியும் பரிசில் பெற்ற விறலியரை முன்னிட்டுப் புறத்திணையிலே ஒரு துறையே வகுத்தனர் நம் முன்னோர். ஆகவே நரம்புக்கருவியும் அதனோடு பாடும் பெண்ணும் பண்டிதர் வீட்டுக்குப் புதிய விருந்தினர் அல்லர்.

1970 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவிலே 'ஃபானி' என்னும் குழு தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. குழுவினர் நால்வர், நால்வரும் பெண்கள். அவருள் ஜூன் மிலிங்டன், ஜீன் மிலிங்டன் என்னும் இருவர் உடன்பிறந்தோர். பிலிப்பைன் நாட்டு மணிலாவிலே பிறந்து 1961 இல் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தவர். தாமே பாட்டெழுதித் தாமே பாடிக் கருவிகளையும் தாமே இசைத்தனர். பெரிய கம்பெனியொன்று இத்தகைய குழுவின் முழுநீள இசைத்தட்டை வெளியிடுதல் அக்காலத்தில் அரிதினும் அரிது. பெண்கள் மின்கிற்றார் வாசிக்கின்றனராம், முரசு முழக்குகின்றனராம் என்னும் புதுமைக்கே பலர் வந்தனர். கேட்க வந்தோர் எத்துணையர், காண வந்தோர் எத்துணையர் என்று பிரித்தறிதல் எளிதன்று.

1971 இல் 'சாரிட்டி போல்' என்னும் இரண்டாவது இசைத்தட்டு வந்தது. அதன் தலைப்புப் பாடல் அமெரிக்க விற்பனை வரிசையிலே 40 ஆவது இடத்தை எட்டியது. நாற்பது ஒரு பெரிய இடமா என்பீர். எமக்கு அது பெரிதாகவே தோன்றுகின்றது. முதல் இசைத்தட்டில் அடங்குவன பல்லாண்டாக நெஞ்சிலே திரட்டி வைத்த பாடல்கள். இளமை முழுவதும் அதற்கு முதலாக நின்றது. இரண்டாவதற்குக் கிடைப்பதோ சில திங்கள். அதற்குள் புதுமையும் தீர்ந்துவிடுகின்றது. 'பெண்கள் பாடுகின்றனர்' என்னும் செய்தி பழையதான பின்னரே, அவர் பாட்டு நல்லதா, அல்லதா என்னும் வினா எழும். அவ்வினாவிற்கு ஆளாதல் கலைஞர்க்குக் கிடைக்கும் மரியாதை. அக்குழு 1974 வரை ஐந்து இசைத்தட்டுகளை வெளியிட்டுப் பின் கலைந்தது. 1999 இல் ஆங்கிலப் பாடகர் டேவிட் போவி அவரை வெகுவாகப் புகழ்ந்து, உலகம் அவரை மறந்தமைக்கு வருந்திப் பேசினார்.

நிற்க. நம் சங்க நூல்களை இந்நோக்கோடு ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. ஒளவையார் பெயரில் 59 பாடல்கள் கிடைத்துள்ளன. அவரைப் பெண்ணென்று நாம் வியப்பதில்லை, புலவரென்றே போற்றுகின்றோம். புறநானூற்றின் 112 ஆம் பாட்டைத் தந்த பாரி மகளிரின் நிலை வேறு. இருவர் சேர்ந்து பாடியதாக நிற்கும் ஒரே பாட்டு அது. (குழுப்பாட்டு என்று அதனை அழைத்தால் உரையாசிரியர்கள் எம்மைப் பொறுத்தருள்வாராக.) தந்தையையும் குன்றையும் இழந்த அம்மகளிரின் குரலைத் தொகைநூல்கள் அவ்வொரு பாட்டோடு நிறுத்திவிட்டன. குறமகள் இளவெயினிக்கும் புறநானூற்றிலே 157 ஆம் பாட்டு ஒன்றே. குறுந்தொகை 31 ஐப் பாடிய ஆதிமந்திக்கும் அவ்வாறே. ஆடவருள்ளும் ஒற்றைப் பாட்டினர் உளர், அதனை மறுக்கவில்லை. ஆயினும் ஒளவையாருக்கு ஒரு பாட்டு மட்டுமே எஞ்சியிருப்பின் அவரை நாம் எவ்வாறு நினைந்திருப்போம் என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒற்றை மேடையோடு நின்றோரைக் காண ஈராயிரம் ஆண்டு பின்செல்ல வேண்டுவதில்லை. 2012 டிசெம்பரிலே காஷ்மீரத்துச் சிறீநகரில் இசைக்குழுக்களின் போட்டியொன்று நடந்தது. பத்தாம் வகுப்பு மாணவியர் மூவர் 'பிரகாஷ்' என்னும் பெயரோடு முதன்முறையாக மேடையேறிப் பரிசும் பெற்றனர். ஒளி என்பது அப்பெயரின் பொருள். நாம் வழங்கும் பிரகாசமும் அச்சொல்லே. அம்மாணவியரின் பெயர்களை ஈண்டு வேண்டுமென்றே எழுதாது விடுகின்றோம். பரிசு பெற்ற சில கிழமைக்குள்ளே இணையத்திலே முகங்காட்டாதோர் வசை பொழிந்தனர். வாயாற் சொல்லக் கூசும் மிரட்டல்களும் எழுந்தன. 2013 பெப்ரவரி 3 இல் மாநிலத்தின் தலைமை முப்தி அவர்கள் அப்பாட்டுக்கு எதிராகப் பத்வா வழங்கினார். முதலமைச்சர் உமர் அப்துல்லா மாணவியர் பக்கம் நின்று பேசினார். மிரட்டினோர் மீது வழக்குப் பதிந்து காவல்துறை சிலரைக் கைது செய்தது. எனினும் இரண்டொரு நாளிலே குழு கலைந்தது. முதல் இசைத்தட்டே தோன்றாதபோது இரண்டாவதைப் பற்றி யார் பேசுவது?

இசை மார்க்கத்தில் ஆகுமா, ஆகாதா என்பதிலே அறிஞர்கள் நெடுங்காலமாக வேறுபட்டே வந்துள்ளனர். அவ்வழக்கிலே தீர்ப்புரைக்கும் தகுதி தமிழ்ப் பண்டிதனுக்கு இல்லை, உரைக்கவும் துணியோம். வசைமொழி எழுதியோர் அறிஞரல்லர் என்பதை மட்டும் சொல்லலாம். அதே மேடையிலே பாடிய ஆடவரை விடுத்து இம்மூவரின் மேலேயே அப்புயல் ஏன் வீசிற்று என்றுங் கேட்கலாம். காஷ்மீரிப் பாடல் மரபிலே 16 ஆம் நூற்றாண்டின் ஹப்பா கத்தூனுக்குத் தனியிடம் உண்டு. அந்நிலத்தின் வானொலியிலே பல்லாண்டு பாடிய ராஜ் பேகம் 2002 இல் பத்மசிறீ விருது பெற்றார். இவ்விருவரும் முஸ்லிம் பெண்களே. பாட்டு அம்மண்ணுக்குப் புதிதன்று.

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவிலுள்ள காறூட் பகுதியிலே, 2014 இல், மத்ரசா மாணவியர் மூவர் தலைத்துணியோடே கிற்றாரும் முரசும் ஏந்தினர். 'பாசெப்ரொட்' என்பது அவர் குழுப்பெயரின் ஒரு கூறு; சுந்தா மொழியிலே இரைச்சல் என்று பொருள். நம்மை நாமே இரைச்சல் என்று அழைத்துக்கொண்டால் பிறர் ஏசுவதற்கு என்ன மீதியிருக்கின்றது! அவருக்கு அவ்விசையை அறிமுகஞ் செய்தவர் அவர்தம் பள்ளி ஆசிரியர் ஒருவரே. ஏச்சும் எதிர்ப்பும் அவருக்கும் குறைவின்றி வந்தன. 2023 இல் 'ரெதாஸ்' என்னும் முதல் முழுநீளத் தொகுப்பை வெளியிட்டனர். 2024 ஜூனில் இங்கிலாந்தின் கிளாஸ்ரன்பரி விழாவிலே பாடினர். அவ்விழாவிற் பாடிய முதல் இந்தோனேசியக் குழு அவரே. இவர்க்குப் பத்தாண்டு கிடைத்தது. சிறீநகர்ச் சிறுமியர்க்கு மேடையேறியபின் பத்து வாரமும் கிடைக்கவில்லை.

இனி நம் கரைக்கு வருவோம். கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை நம் முஸ்லிம் ஊர்களிலே குடி தாய்வழியே எண்ணப்படும்; வீடு பெண்ணுக்கே உரியதாகும்; மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து சேருவான். பாட்டும் பெண்களின் வாயிலே வளர்ந்தது. தாலாட்டும் குரவையும் ஒருபுறம் நிற்க, நாலடியிலே ஒரு வாழ்வை அடக்கிவிடும் கவி இக்கரையின் தனிச் செல்வம். பரத்தையிற் பிரிவையும் பொருள்வயிற் பிரிவையும் நூலிற் படித்து மனனஞ் செய்யும் எம் மாணவர், வயற்காவலுக்குப் போன மச்சானை எண்ணிப் பாடிய மச்சியின் கவியிலே அதே பிரிவைக் காணலாம். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் அலைந்து தேடி இவற்றை அச்சேற்றினர். தமிழுலகம் அவர்க்குக் கடமைப்பட்டுள்ளது. ஆயின் அக்கவிகளைக் கட்டியவர் யாவர்? பெயரில்லை. பெயரில்லாதபோது இது ஒருத்தியின் முதற்கவியா, நூறாவது கவியா என்று எவ்வாறு எண்ணுவது?

பள்ளிகளில் நாம் செய்வதும் அதற்கு மிகத் தொலைவில் இல்லை. எட்டாந் தரத்து மாணவி மீலாத் விழாவிலே பாடுகின்றாள். தமிழ்மொழித்தினப் போட்டியிலே கவிதை படைக்கின்றாள். கைதட்டுகின்றோம், சான்றிதழ் கொடுத்துப் படமும் எடுக்கின்றோம். பதினோராந் தரத்திலே அவள் குரல் கேட்பதில்லை. பரீட்சை வந்துவிட்டது என்பர். ஆண்பிள்ளைக்கும் பரீட்சை உண்டு.

எம் குற்றம் ஒன்றையும் ஈண்டுச் சொல்லல் வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் மாணவி ஒருத்தி, வெள்ளம் வந்து மூடிய வயலைப் பற்றிப் பன்னிரண்டு அடியிலே ஒரு பாட்டு எழுதிக் கொணர்ந்தாள். தளை ஓரிடத்திலே தட்டியது. ஆனால் நீருக்குள் நின்ற கதிரை அவள் கண்டவாறு யாம் கண்டதில்லை. பள்ளி மலரிலே அச்சிட்டோம். எம் பெண்பிள்ளை எழுதியது என்று சபையிலே பெருமையாகவும் பேசினோம். அடுத்த ஆண்டு மலருக்குப் புதியதோர் பெயரைத் தேடினோம், அவளிடம் கேட்கவில்லை. அண்மையில் தன் மகனின் படிப்பை விசாரிக்க வந்தவள் பேச்சினிடையே, "அடுத்த வருசமும் கேப்பீங்க எண்டு பாத்துக்கிட்டிருந்தன் சேர். கொப்பியில எழுதியும் வெச்சன்" என்றாள். அக்கொப்பி இப்போது எங்கே என்று கேட்டோம். 2004 இல் கடல் வந்தபோது வீட்டோடு போயிற்று என்றாள். அதற்குமேற் கேட்க எமக்கு வாய் வரவில்லை.

இப்பகுதியிலே இதுவரை ஒரேயொரு கவியோ கட்டுரையோ வெளிவந்த மாணவியர்க்கு நாமே கடிதம் எழுதி, இரண்டாவதைக் கேட்பதெனத் தீர்மானித்துள்ளோம். பழைய இதழ்களிலிருந்து பெயர்களைத் திரட்டும் பணி தொடங்கிவிட்டது. பள்ளி மலர்களைப் பாதுகாத்து வைத்திருக்கும் ஆசிரிய அன்பர்கள் அவற்றைப் புரட்டி, ஒருமுறை மட்டும் எழுதியோரைத் தேடிக்கண்டு, இவ்வழைப்பை அவர்க்கு அறிவித்து உதவுக. அவருட் சிலர் இப்போது தாயராகவும் பாட்டியராகவும் இருத்தல் கூடும், அவர்களும் எழுதலாம்.