காலேஜ் கட்டிய பணம் யாருடையது?

அமெரிக்கா தேசத்துத் தலைநகராகிய வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் என்றொரு சர்வகலாசாலை இருக்கிறது. 1789-ம் வருஷத்தில் கத்தோலிக்க மத குருவான ஜான் கரோல் என்பவரால் ஏற்படுத்தப்பட்டு, பிறகு ஏசு சபைப் பாதிரிமார்களால் நடத்தப்பட்டு வருவது. இது தெய்வ பக்தியாலும் தர்ம சிந்தையாலும் வளர்ந்த ஸ்தாபனம் என்பதாகவே வெகுகாலம் பெருமை பேசப்பட்டு வந்தது. அந்தத் தர்மத்தின் யோக்கியதை என்ன என்பதை அங்கே படிக்கும் பிள்ளைகளே சந்திக்கு இழுத்துவிட்டார்கள்.

விஷயம் சரித்திர ஆசிரியர் சிலருக்கு முன்பே தெரிந்ததுதான். ஆனால் 2014-ம் வருஷத்தில் ஒரு மாணவர் பழைய ஏடுகளைத் துருவி, மாணவர் பத்திரிகையில் பச்சையாக எழுதத் தொடங்கிய பிறகுதான் அது ஊரறிந்த சங்கதியாயிற்று. 1838-ம் வருஷத்தில் மேரிலாந்து ஏசு சபையார், தங்கள் பண்ணைகளில் அடிமைகளாக வைத்திருந்த 272 கறுப்பு மக்களை 1,15,000 டாலருக்கு லூசியானாவுக்கு விற்க ஒப்பந்தம் எழுதினார்கள். இரண்டு மாதக் கைக்குழந்தைகூட விலைப் பட்டியலுக்குத் தப்பவில்லை. விற்பனையை நடத்திய தாமஸ் மல்லடி பாதிரி, முன்பு அந்தக் காலேஜுக்கே தலைவராயிருந்தவர். முதலில் வந்த 25,000 டாலரில் 17,000 டாலர் காலேஜின் கடனை அடைக்கப் போயிற்று. விற்ற புண்ணியவானின் பெயர் மாணவர் விடுதிக்குச் சூட்டப்பட்டது!

ரோமாபுரியிலிருந்து இந்த வியாபாரத்துக்கு உத்தரவு வந்த அழகையும் பாருங்கள். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாதாம். மத அனுஷ்டானத்துக்கு வசதி வேண்டுமாம். பணத்தைக் கடனுக்குச் செலவிடக் கூடாதாம். அதாவது, ஆண்டவனுடைய பிள்ளைகளைச் சந்தையில் விற்கலாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மாத்திரம் குறைவு வரக் கூடாது! கடைசியில் அந்த நிபந்தனைகளும் காற்றில் பறந்தன.

“அந்தக் காலம் அப்படி; பழைய குப்பையைக் கிளறுவானேன்?” என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். அந்தக் காலத்திலேயே அதே சபைப் பாதிரிமார் சிலர் இவ்விற்பனையை எதிர்த்தார்கள். பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1833-லேயே அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்துவிட்டது. ஆகவே தெரியாமல் செய்த காரியமல்ல. அன்றியும், 1789-ம் வருஷத்துப் பெருமை மட்டும் இன்றைக்கும் வேண்டும், 1838-ம் வருஷத்துப் பாவம் மட்டும் வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

நிற்க. 1874 முதல் 1882 வரை அக்காலேஜின் தலைவராயிருந்த பேட்ரிக் ஹீலி, ஓர் அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்தவர், தகப்பன் ஐரிஷ்காரன். சபையில் சிலருக்கு மாத்திரம் இது தெரியும். ஊராருக்கு அவர் வெள்ளையர். குற்றம் அவருடையதன்று. ஆனால் தோற்றத்தை வெளிப்படையாக உடைய ஒரு கறுப்பு மாணவர் அங்கே முதன்முதலில் இளங்கலைப் பட்டம் பெற்றது 1953-ம் வருஷத்தில்தான்! பிறப்பை மறைத்தவருக்குத் தலைமைப் பீடம். மறைக்க முடியாதவனுக்கு வாசற்படியும் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு, “தகுதியைப் பார், பிறப்பைப் பாராதே” என்று உபதேசம் செய்கிறார்கள். 2023-ல் அத்தேசத்து உச்சநீதிமன்றமும், காலேஜ் சேர்க்கையில் இனத்தைக் கவனிக்கலாகாதென்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் பழைய மாணவரின் பிள்ளைக்குச் சேர்க்கையில் காட்டப்படும் தனிக் கவனத்தை அத்தீர்ப்பு தொடவில்லை. விற்கப்பட்டவர்களின் சந்ததியாருக்கும் அதே கவனம் தருவதாக ஜார்ஜ்டவுன் அறிவித்ததே 2016-ல்தான். தகப்பன் படித்த இடமென்று மகனுக்குச் சலுகை கொடுப்பது பிறப்பைப் பார்ப்பதல்லாமல் வேறென்ன? பாட்டனுக்குக் கதவை அடைத்தவர்கள் பேரனிடம் தகுதி கேட்பது பித்தலாட்டமல்லவா?

மாணவர்கள் வெறுமனே எழுதிவிட்டு உறங்கிவிடவில்லை. 2015-ல் தலைவரின் அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். மல்லடியின் பெயர் விழுந்தது. 2017-ல் அக்கட்டடத்துக்கு, விற்பனைப் பட்டியலின் முதற் பெயராகிய ஐசக் ஹாக்கின்ஸ் பெயர் வைக்கப்பட்டது. 2019-ல், அந்தச் சந்ததியாருக்காக ஒவ்வொரு மாணவரும் அரையாண்டுக்கு 27 டாலர் 20 சென்ட் கொடுப்பதா என்று தங்களுக்குள் ஓட்டெடுத்தார்கள். வேண்டுமென்றவர் 2,541 பேர். வேண்டாமென்றவர் 1,304 பேர். நிர்வாகமோ அந்தக் கட்டணத்தை ஏற்காமல், நன்கொடை திரட்டி வருஷத்துக்குச் சுமார் 4,00,000 டாலர் செலவிடுவதாகச் சொல்லிற்று. பிள்ளைகள் கடன் என்றார்கள். பெரியவர்கள் அதைத் தர்மம் என்று மாற்றிக் கொண்டார்கள்.

தோழர்களே! சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. எல்லா இனத்தாரும் ஒரு காலேஜில் படிப்பதை மேலேயிருப்பவர்கள் இடும் பிச்சை என்று சொல்லும்வரை, அதை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக் கொள்ளலாம். அது வரவேண்டிய பாக்கி என்று கணக்குக் காட்டிவிட்டால் நிறுத்த முடியாது. அதனால்தான் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் அவர்களுக்குக் கோபம் வருகிறது. எந்தக் காலேஜானாலும் வாசலில் பதித்த சலவைக்கல்லைப் படித்துவிட்டுக் கும்பிட்டுத் திரும்பாதீர்கள். யார் பணம், யார் உழைப்பு, யார் எந்த வருஷம் வரை வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்று கேளுங்கள். படிக்கிற பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள்.