நாலாவது போர் போடலாமா? நஷ்டத்தில் மனம் போடும் கணக்கு

கேள்வி: நாலு ஏக்கர் தென்னை இருக்கிறது. கிணறு வற்றிய பிறகு மூன்று போர் போட்டாயிற்று. முதல் போரில் இரண்டு வருடம் நன்றாக வந்தது. இப்போது மழைக்குப் பிறகு மட்டும் கொஞ்சம் வருகிறது. மற்ற இரண்டிலும் வெறும் புழுதிதான். இதுவரை ஏழு லட்சம் போய்விட்டது. இத்தோடு விட்டால் அந்த ஏழு லட்சமும் வீண். மகளுக்குச் சேர்த்த நகையை அடகு வைத்து ஆயிரம் அடிக்கு இன்னொரு போர் போடலாம் என்று இருக்கிறேன். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- திண்டுக்கல் மாவட்ட வாசகர்

பதில்: இந்தக் கடிதத்தில் ஒரு வரியைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். 'இத்தோடு விட்டால் அந்த ஏழு லட்சமும் வீண்' என்ற வரி. நாலாவது போர் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. பாறைக்குள் தண்ணீர் இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் நகையை அடகுக் கடைக்கு எடுத்துப்போகச் சொல்வது அந்த ஏழு லட்சம்தான். படித்தவர், படிக்காதவர், வியாபாரி, அதிகாரி என்று யாராக இருந்தாலும் நஷ்டத்தில் நிற்கும்போது இப்படித்தான் யோசிக்கிறார்கள்.

இதை இஸ்ரேல் நாட்டு உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் ஒரு கட்டுரையில் எடுத்துக் காட்டினார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி: 3,000 நிச்சயமாகக் கிடைக்கும், அல்லது 4,000 கிடைக்க 100-க்கு 80 வாய்ப்பு, ஒன்றுமே கிடைக்காமல் போக 20 வாய்ப்பு. எது வேண்டும்? 100-க்கு 80 பேர் நிச்சயமான 3,000 போதும் என்றார்கள். பிறகு அதையே நஷ்டமாகத் திருப்பிக் கேட்டார்கள். 3,000 நிச்சயமாகக் கையை விட்டுப் போகும். அல்லது 4,000 போக 80 வாய்ப்பு, ஒன்றும் போகாமல் தப்பிக்க 20 வாய்ப்பு. இப்போது 92 பேர் துணிந்து இரண்டாவதை எடுத்தார்கள். கணக்குப்படி அது சராசரியாக 3,200 நஷ்டம் தரும் வழி. தப்பித்துவிடலாம் என்ற அந்த 20 வாய்ப்பு, பெரிய நஷ்டத்தைக் கண்ணில் இருந்து மறைத்துவிடுகிறது.

கையில் லாபம் இருக்கும்போது பத்திரமாக நடக்கும் அதே மனிதர், நஷ்டத்தில் விழுந்ததும் துணிந்துவிடுகிறார். 100 ரூபாய் கிடைத்தால் வரும் மகிழ்ச்சியை விட, 100 ரூபாய் போனால் வரும் வேதனை ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று இதே இருவரும் 1992-இல் கணக்கிட்டார்கள். கானமனுக்கு 2002-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி அதற்குள் காலமாகிவிட்டார்.

இந்த வேதனைக்கு மூளையில் ஓர் இடமும் உண்டு. மூளையின் உட்பகுதியில் இரு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்து, பயம் ஆகியவற்றை உடனே உணர்த்துவது அதன் வேலைகளில் ஒன்று. அபூர்வமான ஒரு பரம்பரை நோயால் அந்தப் பகுதி இரு பக்கமும் கெட்டுப்போன இரண்டு பெண்களை ஆராய்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வெளியானது. பந்தயம் என்றால் மற்றவர்கள், போகக்கூடிய தொகையை விட வரக்கூடிய தொகை நன்றாக அதிகமாக இருந்தால்தான் சம்மதித்தார்கள். இந்த இருவருக்கும் கணக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் நஷ்டத்தை நினைத்துத் தயங்கும் குணம் மட்டும் இல்லை. நஷ்டம் வலிப்பது யாருடைய பலவீனமும் அல்ல, மூளையின் அமைப்பு அப்படி. அதனால்தான் மனக்கணக்கை நம்பாமல் தாளில் எழுத வேண்டியிருக்கிறது.

முடிவு எடுக்கும் நேரமும் முக்கியம். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆய்வு 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஒரே விவசாயிக்கு அறுவடைக்கு முன் ஒரு முறையும், பணம் வந்த பின் ஒரு முறையும் புதிர்கள் கொடுத்தார்கள். கைச்சுருக்கமாக இருந்த நாட்களில் அதே ஆள் குறைவாகத்தான் சரியாகச் செய்தார். ஆலையின் வெட்டு உத்தரவு ஆளுக்கு ஒரு மாதத்தில் வருவதால், இது பருவகால வேலைப்பளுவின் விளைவு என்றும் தள்ளிவிட முடியவில்லை. கடனும் வட்டியும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தால், யோசிப்பதற்கு மிஞ்சும் இடம் குறைவு. நகையை அடகு வைக்கலாமா என்று இரவெல்லாம் புரளும் ஆளும் இந்த நிலையில்தான் இருக்கிறார்.

இனி இந்தத் தோட்டத்துக்கு வருவோம். தமிழ்நாட்டின் பரப்பில் சுமார் 73 சதவீதம் கடினப்பாறை. அங்கே தண்ணீர் இருப்பது பாறையின் வெடிப்புகளில்தான். ஆழம் போகப் போக வெடிப்புகள் பொதுவாகக் குறையும். 'மூன்று தவறிவிட்டது, நாலாவதில் வந்தே தீரும்' என்று பாறைக்கு ஒரு கட்டாயமும் கிடையாது. அதே நிலத்தில் இரண்டு போர் புழுதியாகப் போனது, நாலாவதற்கும் கெட்ட அறிகுறிதான்.

எனவே செய்ய வேண்டியவை:

1. ஒரு தாளில் மூன்றே தொகை எழுத வேண்டும். தண்ணீர் வந்தால் வருடத்துக்குக் கூடுதலாக வரும் வருமானம். வராவிட்டால் கட்ட வேண்டிய கடனும் வட்டியும். போரே போடாவிட்டால் தோட்டம் தரும் வருமானம். போன ஏழு லட்சம் இந்தத் தாளில் எங்கேயும் வரக்கூடாது.

2. இதே நிலத்தைப் புதிதாக வாங்கிய பக்கத்துத் தோட்டக்காரர் வந்து 'இங்கே போர் போடலாமா' என்று கேட்டால் என்ன பதில் சொல்வார் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பதில்தான் பெரும்பாலும் சரியான பதில்.

3. வேளாண் பொறியியல் துறையில் பூமியின் மின்தடையை அளந்து நீரோட்டம் பார்க்கும் கருவி உண்டு. அந்த அறிக்கை வராமல் போர் வண்டிக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது.

4. அறிக்கை சாதகமாக வந்தாலும், எத்தனை அடியோடு நிறுத்துவது என்பதை வண்டி வருவதற்கு முன்பே எழுதி வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும். ஆழம் கூடக் கூட அடிக்கு ஆகும் கூலியும் கூடும். புழுதி பறக்கும்போது 'இன்னும் நூறு அடி' என்று வண்டிக்காரர் சொன்னால், பக்கத்தில் நிற்பவருக்கு மறுக்க வராது.

இந்தக் கடிதத்தில் உள்ள விவரங்களை வைத்துப் பார்த்தால், நகையை அடகு வைத்து இப்போது போர் போடுவது சரியல்ல. வீட்டில் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாலு ஏக்கர் என்பதால் சிறு விவசாயி சான்று பெற்று, சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் கேட்கலாம். 25 அடி இடைவெளி என்றால் ஏக்கருக்கு 70 மரம். முதல் போரில் வரும் தண்ணீர் எத்தனை மரத்துக்குத் தாங்குமோ அத்தனை நல்ல மரங்களுக்கு முதலில் கொடுத்து, வட்டப்பாத்தியில் உரிமட்டை புதைத்து, காய்ந்த ஓலையால் மூடாக்குப் போட வேண்டும். எல்லா மரத்தையும் காப்பாற்ற முடியாமல் போகலாம். நகை போகாது.

கேள்வி: கத்தரியில் காய்த்துளைப்பானுக்கு மருந்து அடித்தால் ஏழு நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று சீட்டில் போட்டிருக்கிறது. மூன்றாம் நாளே பறித்து மண்டிக்கு அனுப்பிவிடுகிறோம். இங்கே எல்லோரும் அப்படித்தான். வீட்டுக்கு மட்டும் மருந்து அடிக்காத நாலு செடி தனியாக உண்டு. இது தப்பா?
- நாமக்கல் மாவட்ட வாசகர்

பதில்: நாலு செடியைத் தனியாக ஒதுக்கியபோதே இதற்குப் பதில் எழுதியாயிற்று. மூன்றாம் நாள் பறித்த காயை வீட்டில் சமைக்க மனம் வராதவருக்கு, மண்டிக்கு அனுப்பும்போது மட்டும் ஏன் கை கூசவில்லை?

தத்துவ அறிஞர்கள் பிலிப்பா ஃபுட், ஜூடித் தாம்சன் ஆகியோர் எழுப்பிய ஒரு கற்பனைச் சிக்கல் உண்டு. தறிகெட்டு ஓடும் டிராம் வண்டி ஐந்து பேர் மேல் ஏறப்போகிறது. ஒரு விசையை இழுத்தால் வண்டி வேறு தடத்துக்குத் திரும்பும். அங்கே நிற்கும் ஒருவர் சாவார். இழுக்கலாமா? பெரும்பாலானவர்கள் இழுக்கலாம் என்கிறார்கள். பாலத்தின் மேல் நிற்கும் ஒருவரைக் கையால் கீழே தள்ளினால்தான் வண்டி நிற்கும் என்றால், கூடாது என்கிறார்கள். இரண்டிலும் ஐவருக்குப் பதில் ஒருவர் சாகிறார். 2001-இல் ஜோஷுவா கிரீன் குழுவினர் இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டுக்கொண்டே மூளையைப் படம் பிடித்தார்கள். கையால் தள்ளுவது போன்ற கேள்விகளில், உணர்ச்சியோடு தொடர்புள்ள பகுதிகள் அதிகமாக வேலை செய்தன.

அந்த ஆய்வு பூச்சிமருந்தைப் பற்றியது அல்ல. ஆனால் தோட்டத்தில் நடப்பதும் இதை ஒத்ததே. வீட்டுக் குழந்தையின் தட்டு கண்ணுக்குத் தெரிகிறது, மனம் உடனே பதறுகிறது. மண்டி, லாரி, சில்லறைக் கடை என்று பல கை தாண்டி, முகம் தெரியாத வீட்டில் சாப்பிடும் குழந்தைக்கு அந்தப் பதற்றம் எழுவதில்லை. 'எல்லோரும்தான் செய்கிறார்கள்' என்ற பேச்சு, மீதி இருக்கும் உறுத்தலையும் அடக்கிவிடுகிறது.

காத்திருந்தால் ஒரு பறிப்பு முற்றி, விலை குறையும் என்பது உண்மைதான். அந்த நஷ்டம் இரண்டு மடங்காகத் தெரியும் என்பதை முன் கேள்வியில் பார்த்தோம். ஆகவே மருந்து அடித்த பிறகு மனதோடு மல்லுக்கட்டுவதை விட, அடிக்கும் முன்பே திட்டமிடுவது நல்லது. பறிக்கும் பருவக் காய்களை எல்லாம் எடுத்துவிட்டு, அதன் பிறகே மருந்து அடிக்க வேண்டும். காத்திருப்பு நாள் மருந்துக்கு மருந்து, பயிருக்குப் பயிர் மாறும். காய்ப்புக் காலத்தில், கத்தரிக்குப் பரிந்துரைத்த மருந்துகளில் குறைந்த நாள் உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும். வாடிய குருத்தையும் துளை விழுந்த காயையும் வாரம் தவறாமல் கிள்ளி அழிப்பதும், ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்துத் தாக்குதலைக் கண்காணிப்பதும் மருந்துச் செலவையே குறைக்கும். அடித்த தேதியையும் பறிக்கலாம் என்ற தேதியையும் மோட்டார் அறைச் சுவரில் எழுதிவிட வேண்டும்.

மூன்றாம் நாள் பறிக்கும் காய் முதலில் படுவது மண்டிக்காரர் கையிலும் அல்ல, சாப்பிடுபவர் வாயிலும் அல்ல. பறிப்புக்கு வரும் உள்ளூர்ப் பெண்களின் வெறும் கையில்தான் படுகிறது. அவர்கள் யாரும் முகம் தெரியாதவர்கள் இல்லை.