எந்த மாவட்டம், பாட்டி?

மறதி நோய் இருக்கிறதா என்று பார்க்கும் டாக்டர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "இது எந்த மாவட்டம்?" திருப்பதியில் ஒரு மூதாட்டி "சித்தூர்" என்று பதில் சொன்னால் மார்க் உண்டா? 2022 ஏப்ரல் வரை அதுதான் சரியான விடை. அந்த மாதம் ஆந்திர அரசு 13 மாவட்டங்களை 26 ஆக்கியது. திருப்பதி தனி மாவட்டமானது. அவருடைய பாட்டியோ "வட ஆற்காடு" என்றிருப்பார். சித்தூர் மாவட்டம் பிறந்ததே 1911-ல்தான்.

டிமென்ஷியா எனப்படும் இந்த நோய் இப்படித்தான் பின்னோக்கி நகர்கிறது. காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். கல்யாணத்துக்கு வந்த மாட்டு வண்டி நினைவிருக்கும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இது இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

சித்தூர், திருப்பதிப் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு: மொழி. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் பூமி இது. இது ஒரு வகையில் வரம். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் 648 நோயாளிகளை ஆராய்ந்த டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர், இரு மொழி பேசுவோருக்கு இந்த நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வருவதாக 2013-ல் எழுதினார்கள். பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இதைக் கண்டார்கள்.

ஆனால் தாமதம்தான், தடுப்பு அல்ல. நோய் வந்த பிறகு, பிற்பாடு கற்ற மொழி முதலில் நழுவிவிடுவதுண்டு. வேலூரிலிருந்து சித்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, ஐம்பது வருடம் கடைவீதியில் தெலுங்கில் பேரம் பேசிய பெண், கடைசியில் தமிழுக்கே திரும்பிவிடலாம். பேரப் பிள்ளைகள் படித்ததோ தெலுங்கும் இங்கிலீஷும். "இடுப்பு கடுக்குது" என்பது அவர்களுக்குப் புரியாது. கிழவி அடம் பிடிக்கிறாள், நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாவம், அவருக்கு வெறும் இடுப்பு வலி.

இந்த இடத்தில்தான் கருவிகள் வருகின்றன. ஜப்பானில் பாரோ என்று ஒரு ரோபோ இருக்கிறது. கடல்நாய்க் (சீல்) குட்டி மாதிரி இருக்கும். தடவிக் கொடுத்தால் முனகும். 2009-ல் அமெரிக்கா இதை மருத்துவக் கருவியாகவே அங்கீகரித்தது. அப்போது விலை சுமார் 6,000 டாலர். நம்மூர்ப் பாட்டிக்குக் கடல்நாய் எதற்கு?

அவருக்கு வேண்டியது பாட்டு. இசையைக் கொண்டு செய்த சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்த 2018-ம் ஆண்டின் காக்ரேன் ஆய்வு நிதானமாகவே பேசியது: மனச்சோர்வு குறையக்கூடும், நடத்தை சற்றுச் சீராகும், ஆனால் அறிவுத்திறன் மீளாது. அதுவே பெரிய விஷயம். குளிக்க மறுத்துக் கத்துகிறவர் பாட்டைக் கேட்டபடி குளித்துவிட்டால் மருமகளின் காலைப்பொழுது தப்பிக்கிறது. 2017-ல் சரிகம நிறுவனம் கொண்டுவந்த கார்வான் பெட்டி டிமென்ஷியாவுக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனாலும் பட்டனை அழுத்தினால் பழைய பாட்டு வருகிறது. இந்த நோயாளிகளுக்குத் தொடுதிரையைவிட அதுவே தோது.

பாட்டையும் நேரம் பார்த்துத்தான் போட வேண்டும். 1963-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிப் பதிவான சுப்ரபாதம் இந்தப் பக்கத்து வீடுகளின் விடியல் மணி. அதைச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டால், பொழுது விடிந்துவிட்டது என்று பாட்டி வாசலில் கோலம் போடக் கிளம்பிவிடலாம். எப்படியும் பொழுது சாயும் நேரத்தில்தான் இவர்களில் பலருக்குக் குழப்பம் அதிகம்.

செல்போன் போதும். வேலூரிலிருக்கும் தங்கையின் தமிழ்க் குரல், பிறந்த வீட்டின் படம், உடம்பு வலிகளுக்கு அவர் சொல்லும் வார்த்தைகளும் அவற்றின் தெலுங்கு அர்த்தமும் என எல்லாவற்றையும் அதில் சேர்த்து வைக்கலாம். பேச்சு நன்றாக வரும் ஆரம்பக் கட்டத்திலேயே இதைச் செய்தாக வேண்டும். கல்யாண போட்டோவில் இரண்டாவது வரிசையில் நிற்பது யார் என்று சொல்லக்கூடியவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.