பழி இளைஞர்கள் மீது இல்லை

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஒரு வாதம் கிளம்புகிறது. இன்றைய இளைஞர்களுக்கு அரசியலில் அக்கறை கிடையாது. முப்பது விநாடி ரீல்ஸுக்கு மேல் எதையும் பார்க்க மாட்டார்கள். அவர்களைச் சாவடிக்கு இழுக்க ஒரு பிரபல முகமும், ஒரு பாட்டும், கடைசி இரவில் கொஞ்சம் பணமும் போதும். சந்தேகம் இருந்தால் மதுரையைப் பாருங்கள் என்கிறார்கள். தேர்தல் வியூகம் வகுத்துக் கொடுப்பவர்கள் கட்சிகளிடம் நல்ல விலைக்கு விற்கும் சரக்கு இது. தொலைக்காட்சி விவாதங்களில் இதையே ஞானம் போலச் சொல்கிறார்கள். கட்சி நிர்வாகிகளும் தலையாட்டுகிறார்கள். வேட்பாளர் செய்யாமல் விட்ட வேலையை மறைக்க, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் மீது சுமத்தும் அவதூறு என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். மதுரையைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் அவர்கள். அந்தச் சாட்சி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

முதலில், கவனம் இல்லை என்ற குற்றச்சாட்டு. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் ஜல்லிக்கட்டுக்காகப் பனியில் இரவு பகலாக உட்கார்ந்திருந்தவர்கள் யார்? வைகைப் பாலத்தில் ரயிலை மறித்தவர்கள் யார்? எந்த வேட்பாளரும் அவர்களைக் கூப்பிடவில்லை. கட்சிக்காரர்களைத் தள்ளியே நிறுத்தினார்கள். ஜனவரி 21இல் அவசரச் சட்டம் வந்தது. மறுநாள் அலங்காநல்லூரில் வாடிவாசலைத் திறந்துவைக்க அன்றைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் மதுரைக்கே வந்துவிட்டார். அவசரச் சட்டம் தற்காலிகமானது, நிரந்தரச் சட்டம் வந்தால்தான் மாடு இறங்கும் என்று ஊர் மறுத்தது. முதல்வர் திறந்துவைக்காமலே சென்னை திரும்பினார். 23ஆம் தேதி சட்டப்பேரவையில் சட்டம் நிறைவேறியது. பிப்ரவரி 10இல்தான் அலங்காநல்லூரில் காளைகள் அவிழ்த்து விடப்பட்டன. அவசரச் சட்டத்துக்கும் பேரவை இயற்றும் சட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெருவில் உட்கார்ந்தபடி ஒரு முதல்வரிடம் வாதாடி வென்ற தலைமுறைக்கா கவனம் இல்லை?

அது ஒருமுறை நடந்த உணர்ச்சிப் பெருக்கு என்று தள்ளிவிடுவார்கள். அப்படியானால் மேலூருக்கு வாருங்கள். 2024 நவம்பரில் அரிட்டாபட்டிப் பகுதியில் சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் சுரங்கம் என்று செய்தி வந்தது. தமிழி கல்வெட்டும் சமணர் படுகையும் பாண்டியர் குடைவரையும் இருக்கும் மலை அது; 2022இலேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏல ஆவணத்தில் எந்தெந்த ஊர் இருக்கிறது என்று கைபேசியில் படித்து, கண்மாய்க்கரையில் பெரியவர்களுக்கு விளக்கிச் சொன்னவர்கள் படித்த பிள்ளைகள். 2025 ஜனவரி 7இல் மேலூர்ப் பக்கத்து மக்கள் மதுரை தல்லாகுளம் வரை திரண்டு வந்தார்கள். அதே மாதம் 23இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ரீல்ஸ் பார்க்கும் அதே கைபேசிதான் அது. அதில் படிக்கத் தகுந்த ஒன்றை வேட்பாளர்கள் அனுப்பியதுண்டா?

இவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் செங்கல்லையே எடுத்துக்கொள்வோம். 2021 பிரசாரத்தில் உதயநிதி ஸ்டாலின் ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக்காட்டி, இதுதான் மதுரை எய்ம்ஸ் என்றார். காட்சி பரவியது. பார்த்தீர்களா, குட்டிக் காணொளிதான் இளைஞரைத் தொடுகிறது என்று எழுதிவிட்டார்கள். கல் பேசியதற்குக் காரணம் காணொளியின் நீளமா? தோப்பூரில் 2019 ஜனவரி 27இல் அடிக்கல் நாட்டிய இடம் அப்படியே கிடந்ததை இந்த ஊர்ப் பிள்ளைகள் பேருந்தில் போகும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னர் மதுரை எய்ம்ஸின் முதல் மாணவர்களே 100 கிலோமீட்டருக்கு அப்பால், ராமநாதபுரத்தில் படிக்க வேண்டியிருந்தது. உண்மை இருந்ததால் காட்சி எடுபட்டது. உண்மை இல்லாத காட்சிகள் ஆயிரம் எடுத்துப் போட்டார்கள், ஒன்றும் நிற்கவில்லை.

அடுத்தது முகம். 2005 செப்டம்பரில் விஜயகாந்த் மதுரையில் கட்சி தொடங்கினார், 2018 பிப்ரவரியில் கமல்ஹாசன் ஒத்தக்கடையில் தொடங்கினார், 2025 ஆகஸ்ட் 21இல் விஜய் பாரபத்தியில் மாநாடு நடத்தினார். ஆகவே மதுரை இளைஞனுக்கு நடிகர் போதும் என்கிறார்கள். முகம் கூட்டம் சேர்க்கும் என்பதை யார் மறுத்தார்கள்? முகமே போதும் என்பதுதான் பொய். 2006இல் தனித்து நின்று சுமார் 8 சதவீத வாக்கு வாங்கிய தேமுதிக, 2011இல் கூட்டணியில் 29 இடங்களை வென்றது. 2016இல் ஒன்றுகூட இல்லை. முகம் அதேதான். கமலின் கட்சிக்கு 2021இல் ஓரிடமும் கிடைக்கவில்லை. எம்.ஜி.ஆர். 1980இல் மதுரை மேற்கில் வென்றதைச் சொல்வார்கள். 1972இல் கட்சி தொடங்கிய அவரை, ரசிகர் மன்றங்கள் தெருத்தெருவாகக் கிளைகளாக மாறித் தாங்கின. அவரும் அதற்கு முன் இன்னொரு கட்சியில் நெடுங்காலம் மேடையேறியவர். பாரபத்தித் திடலில் வெயிலில் நின்றவர்களை வெறும் ரசிகர் என்று ஒதுக்குவதும் சோம்பேறித்தனம்தான். இருக்கும் கட்சிகளிடம் கேட்டுக் கிடைக்காத எதையோ தேடித்தான் அத்தனை பேர் அங்கே போனார்கள். அது என்னவென்று அவர்களிடமே கேட்க இந்த வியூகக்காரர்களுக்குத் தோன்றியதா?

மூன்றாவது குற்றச்சாட்டு பணம். இதைச் சொல்ல இவர்களுக்கு நா கூசவில்லை என்பதுதான் வேதனை. 2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தல் நடந்தது. வீடு வீடாக உறையில் பணம் போனது என்ற புகார் நாடு முழுக்க நாறியது. "திருமங்கலம் ஃபார்முலா" என்ற கெட்ட பெயர் நம் மாவட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. அந்த ஃபார்முலாவை எழுதியது கல்லூரி மாணவர்களா? தலைக்கணக்கு எடுத்து, குடும்பத் தலைவர் கையில் உறையைத் திணிப்பவர்கள் நாற்பதைத் தாண்டிய வட்ட, கிளை நிர்வாகிகள். வாங்கப் பழக்கியவர்களே, வாங்குகிறான் என்று ஏளனம் செய்கிறார்கள். அந்த உறையும் அதில் வென்ற திமுகவை எத்தனை நாள் காப்பாற்றியது? 2011இல் மதுரை மாவட்டத்தின் 10 தொகுதிகளில், திருமங்கலம் உட்பட, ஒன்றில்கூடத் திமுக அணி வெல்லவில்லை. பணத்துக்கு விசுவாசம் கிடையாது என்பதை மதுரை அன்றே தீர்ப்பாக எழுதிவிட்டது.

வேட்பாளர் இளைஞரைச் "சந்திப்பது" எப்படி நடக்கிறது என்று செல்லூரிலோ ஜெய்ஹிந்துபுரத்திலோ ஒரு மாலை நின்று பார்த்தால் தெரியும். முன்னால் தப்பாட்டம், பின்னால் திறந்த ஜீப். ஆரத்தித் தட்டோடு வரிசையில் நிற்கும் பெண்கள். தெரு கிரிக்கெட் அணிக்கு மட்டையும் பனியனும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "அண்ணே, காலேஜுக்குக் காலைல ஒரே பஸ்தான்ணே" என்று ஆரம்பிக்கிறான். அவன் முடிப்பதற்குள் ஜீப் நகர்ந்துவிடுகிறது. கைகூப்பிய படம் மட்டும் அன்றிரவே எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் வந்துவிடும். காது கொடுக்காமல் போனவர் ஜீப்பில் இருந்தவர். அக்கறை இல்லை என்ற பட்டம் மட்டும் அந்தப் பையனுக்கு.

சாவடிக்கு வராத இளைஞர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஏன் வரவில்லை என்று பாருங்கள். வடபழஞ்சியிலும் இலந்தைக்குளத்திலும் எல்காட் பூங்கா இருந்தும், பட்டம் வாங்கிய பிள்ளைகள் மாட்டுத்தாவணியில் இரவுப் பேருந்து ஏறிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். ஓட்டு இங்கே, பிழைப்பு அங்கே. வாக்குப்பதிவுக்கு வந்து திரும்ப இரண்டு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போகும். வாக்காளர் பட்டியலில் சேர 17 வயதிலேயே படிவம் 6 கொடுக்கலாம், ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு என்பதை எத்தனை இளைஞரணிகள் கல்லூரி வாசலில் போய்ச் சொன்னன? 18 வயதில் ஓட்டுண்டு. சட்டமன்றத்துக்கு நிற்க 25 ஆகவேண்டும். உள்ளாட்சியில் 21 வயதிலேயே நிற்கலாம். மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளில் இருபதுகளில் இருப்பவருக்கு எத்தனை இடம் விட்டுக்கொடுத்தீர்கள்? லிங்டோ குழு 2006லேயே மாணவர் பேரவைத் தேர்தலுக்கு நெறிமுறை வகுத்துக் கொடுத்தது. பெரும்பாலான கல்லூரிகளில் இன்றும் நேரடித் தேர்தல் கிடையாது. அரசியல் பழகும் வாசலை அடைத்துவிட்டு, அரசியல் தெரியவில்லை என்று குறை சொல்வது என்ன நியாயம்?

1965 ஜனவரி 25இல் மதுரை மாணவர்கள் இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். அங்கே மூண்ட மோதல் மாநிலத்தையே பற்றவைத்தது. அன்று ஓட்டுரிமை வயது 21. அந்த ஊர்வலத்தில் போனவர்களில் பலருக்கு ஓட்டே இல்லை. இரண்டே ஆண்டில், பக்கத்து விருதுநகரில் காமராஜரையே 1,285 வாக்கில் தோற்கடித்தார் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். ஓட்டில்லாத பிள்ளைகள் வீடு வீடாக ஏறி ஓட்டுள்ளவர்களின் மனத்தை மாற்றினார்கள். அவர்களை யாரும் பாட்டுப் போட்டு அழைக்கவில்லை. அவர்களுடைய கேள்வியைத் தன் கேள்வியாக ஒரு கட்சி எடுத்துக்கொண்டது. அவர்களில் ஒருவரை வேட்பாளராகவும் நிறுத்தியது. இளைஞரைத் தேர்தலுக்குக் கொண்டுவரும் வழி அன்றும் இதுதான், இன்றும் இதுதான்.

வேட்பாளர்களே, வியூகத்துக்குக் கொட்டும் பணத்தை நிறுத்துங்கள். ஜீப்பை விட்டு இறங்கி, அந்தப் பையன் பேசி முடிக்கும்வரை நில்லுங்கள். ஜெயித்தபின் அதே தெருவுக்குத் திரும்பி வந்து பதில் சொல்லுங்கள். தம்பி, தங்கைகளே, உங்களுக்கு அரசியல் தெரியாது என்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அரிட்டாபட்டி மலைக்காக நாங்கள் தெருவில் நின்றபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பதில் சொல்ல முடியாதவருக்கு உங்கள் ஓட்டைக் கேட்கும் தகுதி இல்லை.