கோப்புக்கு உடையவர் யார்?

மென்பொருள் நிறுவ மறுக்கிறதா? முன்னால் 'சூடோ' என்று தட்டு, நடக்கும்! நம் மாணவ நண்பர்களிடையே இது வேதவாக்காகி விட்டது. இதை நான் ஏற்பதற்கில்லை.

2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது அதில் விண்டோசுடன் 'பாஸ்' லினக்சும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கியது அது. (அதைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர் என்பது வேறு கதை.) லினக்சுக்கு முன்னோடியான யூனிக்ஸ் 1969-இல் பிறந்தபோது ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொண்டனர். ஆகவே ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உடையவர் உண்டு. எல்லார்க்கும் மேலே 'ரூட்' என்னும் அதிகாரி. 'சூடோ' என்றால் அந்த அதிகாரியின் பெயரால் செய் என்று பொருள்.

இனி வருவதுதான் வினை. பைதான் பொதிகளை நிறுவும் 'பிப்', இறக்கியவற்றை மறுமுறை பயன்படுமென்று நம் வீட்டு அடைவில் 'கேஷ்' என்ற தற்காலிகக் கிடங்கில் சேர்த்து வைக்கும். உபுண்டுவின் பழைய பதிப்புகளில் 'சூடோ'வுடன் அதை ஓட்டினால், கிடங்கு நம் வீட்டிலேயே இருக்கும். ஓட்டுபவரோ ரூட். ஆகவே பிப், "இவ்வடைவு உம்முடையதன்று" என எச்சரித்து, கேஷை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் மீண்டும் இறக்கும். மாதத் தரவை எண்ணிச் செலவிடும் மாணவனுக்கு இது சிறிய நட்டமா?

ரூட்டிடம் போன கோப்பின் உடைமையைச் 'சோன்' கட்டளையால் திருப்பிக்கொள்ளலாம். நம்மவரோ 777 என்று எல்லார்க்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிடுகின்றனர். சாவி தொலைந்ததென்று பனியன் கம்பெனி முதலாளி கிடங்கின் கதவையே கழற்றி வைப்பாரா? பொது இடமான 'டெம்ப்' அடைவில்கூட எவரும் கோப்பு வைக்கலாமேயன்றி, பிறர் வைத்ததைச் சாதாரணப் பயனர் அழிக்க இயலாது.

"என் கணினி, நானே ராஜா" என்பார் சிலர். நிறுவும்போது பொதிக்குள் இருக்கும் நிரலும் ஓடக்கூடும். 'சூடோ' போட்டால் அதுவும் ரூட்டாகவே ஓடும். எழுதியவர் யாரென்று அறிவோமா? 2023-இல் வந்த டெபியன் 12, பிப் வழியே அமைப்பு முழுமைக்கும் நிறுவுவதைத் தடுத்து, 'தனிச்சூழல்' அமைத்துக்கொள்ளச் சொல்கிறது. அத்தடையை மீறும் விருப்பத்தேர்வின் பெயரிலேயே 'உடை' என்ற சொல் இருக்கிறது. அதையும் தயங்காமல் தட்டுகிறோம்!

விரிவுரையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஆய்வகத்தின் முதல் வகுப்பில் நிரல் எழுதுமுன், 'எல்எஸ்' கட்டளையின் நெடும்பட்டியலை விரித்து, அதன் மூன்றாம் பத்தியிலுள்ள பெயர் யாருடையது என்று எங்களைக் கேளுங்கள்.