கரை உடைப்பதற்கு முன்னும் பின்னும்

வாஷிங்டன் மாநிலத்தின் நிஸ்குவாலி ஆறு பியூஜெட் சவுண்டில் கலக்கும் இடத்தில், நூறாண்டுக் காலம் ஓதநீரை மறித்து நின்ற மண்கரையை 2009-இல் அகற்றினார்கள். தேசிய வனவிலங்குப் புகலிடத்துக்குள் மட்டும் 762 ஏக்கருக்குக் கடல்நீர் திரும்பியது. அதற்கு முன்பே நிஸ்குவாலி பழங்குடியினர் தங்கள் பக்கத்துக் கரைகளைக் கட்டம் கட்டமாக உடைத்திருந்தார்கள். கழிமுக மீட்பு என்று பேச்சு எழுந்தாலே நம் துறையில் முதலில் வரும் பெயர் இது. வர வேண்டியதுதான். ஆனால் கரை உடைந்த அந்த ஓராண்டையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்னும் பின்னும் கிடக்கும் ஆண்டுகளுக்குப் பணம் ஒதுக்க இன்னும் நமக்கு மனம் வரவில்லை.

சினூக் சால்மன் குஞ்சுகளுக்குக் கழிமுகம் எதற்கு என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என்றாலும் ஒரு முறை அருகில் போய்ப் பார்க்கலாம். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு ஆற்றோடு இறங்கி வருகிறது. ஓதம் ஏறும்போது கோரைகளுக்கிடையே ஓடும் சிற்றோடைகளில் புகுந்து, மேலிருந்து விழும் பூச்சிகளையும் சேற்றிலுள்ள சிற்றுயிர்களையும் தின்கிறது. நீர் வற்றும்போது ஆழமான ஓடைக்கு ஒதுங்குகிறது. உப்புக்கு உடம்பு பழகுவதும் இங்கேதான். இந்தச் சில வாரங்களில் அது எவ்வளவு பருக்கிறதோ அவ்வளவுக்குக் கடலில் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஸ்காஜிட் ஆற்றில் நெடுங்காலமாக நடந்துவரும் கணக்கெடுப்பு இன்னொன்றையும் காட்டியது: கழிமுகத்தில் இடம் போதாதபோது, ஒரு பகுதிக் குஞ்சுகள் வளராமலே கடலுக்குத் தள்ளப்படுகின்றன. மேலே முட்டையிடும் படுகைகளை எவ்வளவு சீர்செய்தாலும், கீழே இடமில்லை என்றால் பலன் பாதியில் நின்றுவிடும்.

இந்த இடத்தை மீட்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு ஸ்னோஹோமிஷ் கழிமுகத்தின் குவுலூல்ட் திட்டமே சாட்சி. துலாலிப் பழங்குடியினர் முன்னின்று நடத்திய இத்திட்டத்தில் கரை திறந்தது 2015 ஆகஸ்டில். யோசனை பிறந்து அதற்குள் ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஓடிவிட்டன. துண்டு துண்டாக நிலம் வாங்க வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்தைக் காக்க உள்ளே தள்ளிப் புதுக்கரை போட வேண்டியிருந்தது. அனுமதிகளுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இவற்றில் எதையும் திறப்பு விழாவில் படம் பிடிக்க முடியாது. விவசாயியின் வீட்டுத் திண்ணையில் பலமுறை உட்கார்ந்து, வடிகால் அடைபடாது என்று அவரை நம்பவைக்கும் ஊழியருடைய சம்பளம்தான் இதில் முதல் செலவு. மானியப் படிவங்களில் அதற்கென்று ஒரு வரி கிடைப்பதே அரிது.

பணம் வரும் வழிகள் இல்லாமலில்லை. 1999-இல் பியூஜெட் சவுண்ட் சினூக் அழிவாபத்துப் பட்டியலில் ஏறிய அதே ஆண்டு, மாநிலம் சால்மன் மீட்பு நிதி வாரியத்தை அமைத்தது. 2000-இல் கூட்டாட்சி அரசின் பசிபிக் கடலோரச் சால்மன் மீட்பு நிதி வந்தது. 2007-இல் மீட்புத் திட்டம் ஏற்கப்பட்டது. பியூஜெட் சவுண்டுக்கெனத் தனி நிதியும் அந்த ஆண்டே தொடங்கியது. ஆனால் மாநிலப் பணம் இரண்டாண்டு பட்ஜெட்டில் வருகிறது. அந்தக் கெடுவுக்குள் மண் வெட்டத் தயாராக இருக்கும் திட்டமே முன்னால் போகிறது. இன்னும் பேச்சுவார்த்தையில் இருப்பது, எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும், பின்னால் நிற்கிறது. சினூக் இன்றும் பட்டியலில்தான் இருக்கிறது.

பிந்தைய ஆண்டுகளின் கதை இதைவிடக் கவலை தருவது. நிஸ்குவாலியில் உப்புநீர் புகுந்ததும் நன்னீர்ப் புல் கருகிச் செத்தது. நூறாண்டாக வண்டல் வராமல் கரைக்குள்ளே நிலம் தாழ்ந்து கிடந்ததால், பல இடங்களில் புல்லுக்குப் பதிலாகச் சேற்றுத்தரைதான் எழுந்தது. அதை உயர்த்த ஆற்று வண்டல் வேண்டும். ஆனால் 1945-இல் எழுந்த ஆல்டர் அணை வண்டலின் பெரும்பங்கை மேலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஐ-5 நெடுஞ்சாலையின் மேட்டுக்கரை ஆறு இடம் மாறிப் பரவ விடாமல் நெரிக்கிறது. கடல்மட்டமோ ஏறிக்கொண்டிருக்கிறது. கரையை உடைத்த குழு தன் வேலையைச் செவ்வனே செய்தது. சேறு கோரை நிலமாகுமா என்பது வாழிட நிதியின் கைக்கு எட்டாத இரண்டு கட்டுமானங்களிடம் மாட்டியிருக்கிறது.

ஆகவே மூன்று மாற்றங்களைக் கேட்கிறேன். கரை திறந்தபின் குறைந்தது 10 ஆண்டுக் கண்காணிப்புக்கான தொகை முதல் ஒப்பந்தத்திலேயே தனியே ஒதுக்கப்பட வேண்டும்; திட்டம் முடிந்த பிறகு தேடுகிற பணமாக அது இருக்கக்கூடாது. நில உரிமையாளரோடு பேசும் ஆண்டுகள் கட்டுமானத்துக்கு இணையாக மதிப்பெண் பெற வேண்டும். விண்ணப்பத்தில் ஏக்கர் கணக்கோடு வண்டல் கணக்கும் கேட்கப்பட வேண்டும்: எங்கிருந்து வரும், எது தடுக்கிறது, தடுப்பவரோடு பேசியாயிற்றா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு நெடுஞ்சாலைத் துறையிடமும் அணை நடத்துபவரிடமும் போயாக வேண்டும். நிஸ்குவாலியில் ஐ-5 பாதையைத் தூண்கள்மீது உயர்த்தும் யோசனை பேச்சில் இருக்கிறது. அந்தச் செலவு சாலைத் துறையின் பட்ஜெட்டில்தான் வரும். அந்த வரைபடம் முடிவாகும் மேசையில் கழிமுகத்தை அறிந்த ஒருவர் முதல் நாளிலிருந்தே உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கான சம்பளத்தை அடுத்த சுற்று மானியத்திலேயே கேளுங்கள்.