பறவை தொடுத்த வழக்கு

அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் மாபிள்ட் மரலெற் என்றொரு சிறு கடற்பறவை வாழ்கிறது. இரை தேடுவது கடலில். முட்டையிடுவதோ கரைக்கு அப்பால் முதுமரக் காட்டில், பாசி படர்ந்த பெருங்கிளையில். ஈனுவதும் ஒரே முட்டை. மரம் வீழ்ந்தால் குலமும் வீழும்.

1992இல் கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் ஆகிய மூன்று மாநிலங்களிலும் கூட்டாட்சிச் சட்டம் இதற்குக் காப்பளித்தது. 1995இல், இப்பறவையையே வாதியாகப் பெயர் குறித்துத் தொடுத்த வழக்கில், கலிபோர்னியாவின் அவுல் கிறீக் காட்டில் மரம் தறிப்பதை நீதிமன்றம் தடுத்தது. 1996இல் மேன்முறையீட்டு மன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

வழக்கு வென்றது, பறவை வென்றதா? வாஷிங்டனில் 2001 முதல் 2015 வரை அதன் தொகை ஆண்டுக்கு 4 வீதத்துக்கும் மேலாக அருகிற்று. முன்னரே தறித்த முதுமரத்தை எத்தீர்ப்பும் மீட்டுத் தராது. துண்டாடப்பட்ட காட்டின் ஓரங்களிலோ காக்கையினம் முட்டையைக் கவர்கிறது.

விதைநெல்லைக் குற்றி உண்டவனுக்கு மறுபோகம் இல்லை என்பதை உழவர் அறிவர். உறைவிடம் அழிந்தபின் கிட்டும் உரிமை ஏட்டுச் சுரைக்காய் என்பதைச் சட்டத்தரணிகளாகிய நாமும் அறிதல் வேண்டும். காப்புச் சட்டம் கோடரிக்கு முன்னே வரவேண்டும், பின்னே அன்று!